கன்னி மூலையில் ஒரு ஷட்டர்

வீட்டுத் தலைவன் படுக்கவேண்டிய இடம் தென்மேற்கு, அதாவது கன்னி மூலை என்கிறது வாஸ்து. அங்கே படுத்தால்தான் குடும்பத்தில் அவன் சொல் எடுபடுமாம். சொல் எடுபடுகிறதோ இல்லையோ, சென்னைப் புறநகரில் மேற்குச் சுவர் வெளிச்சுவராக அமைந்த அறையில் படுப்பவன் சித்திரை, வைகாசியில் வெந்துபோவது நிச்சயம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரவு பத்து மணிக்குமேல் குடித்ததை அறைக்குள் கக்க ஆரம்பிக்கும். வீட்டில் மற்றவர்கள் கிழக்குப் பக்கத்து அறைகளில் கடற்காற்று வாங்கிக்கொண்டு தூங்குவார்கள். தலைவன் மட்டும் தலைமைப் பொறுப்பின் சூட்டில் விழித்திருப்பான். வாஸ்து சாஸ்திரத்தை எழுதியவர் நிச்சயமாக யாரோ ஒரு வீட்டின் இரண்டாவது பிள்ளை.

‘ஜன்னலுக்கு மேலேதான் சன்ஷேடு இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. இரண்டடி நீட்டி, ஓரத்தில் மேஸ்திரி கைவண்ணத்தில் ஒரு பூவேலையுடன் இருக்கிறது. உச்சி வெயிலை அது அருமையாக மறைக்கும். ஆனால் உச்சி வெயிலில் சூரியன் மேற்கு ஜன்னல் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அது பார்க்க வருவது மூன்று மணிக்குமேல். மே மாதம் ஐந்து மணிக்கு வெயில் நன்றாகச் சாய்ந்துவிடும்; அப்போது இரண்டடி சன்ஷேடு தரும் நிழல் ஜன்னலில் ஓர் அடிகூட இறங்காது. மீதி மூன்றரை அடி என் கட்டிலுக்கு.

இதற்கு நான் செய்யாத வைத்தியம் கிடையாது. முதலில் தடித் துணியில் திரை. மைத்துனர் மகன் பொறியியல் படிக்கிறான். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “மாமா, வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தப்புறம் மறைச்சு என்ன பிரயோஜனம்? திரை சூடாகும். அந்தச் சூடு ரூமுக்குள்ளதான் இறங்கும். கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், சூட்டைத் திரும்ப வெளியே விடாது. மறைக்கணும்னா ஜன்னலுக்கு வெளியிலயே மறைக்கணும்” என்றான். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “எங்க பாட்டி இதைத்தான் தட்டி கட்டிச் செஞ்சாங்க. அவங்களுக்கு யாரும் டிகிரி குடுக்கல” என்றாள்.

தட்டியும் கட்டினோம். அதுவும் வெறும் மூங்கில் தட்டி இல்லை, வெட்டிவேர் தட்டி. வெள்ளைக்காரத் துரைமார்கள் கோடையில் கட்டித் தண்ணீர் தெளிக்கச் சொல்லி உட்கார்ந்திருந்தார்களே, அதே சங்கதி. மணம் என்றால் மணம், குளிர்ச்சி என்றால் குளிர்ச்சி. ஆனால் துரைக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் இருந்தது. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். மத்தியானத் தூக்கத்துக்காகத் தட்டி கட்டிவிட்டு, தட்டிக்குத் தண்ணீர் தெளிப்பதற்காக மத்தியானம் விழித்திருக்கிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கடைசியில் இந்த முரண்பாட்டை அணில் தீர்த்துவைத்தது. கூடு கட்ட வேர் தேடி வந்து, தட்டியைத் தவணை முறையில் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இந்த நிலையில்தான் மகளைப் பார்க்க ஜெர்மனிக்குப் போனோம். அவள் இருப்பது ஸ்டுட்கார்ட்டில். ஜூன் மாதம் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணி ஆகிறது. காலை ஐந்தரைக்குள் மறுபடி வந்துவிடுகிறது. பட்டப்பகலில் எப்படித் தூங்குவது என்று விழித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்தாள். ஜன்னல் ஓரத்துச் சுவரில் தொங்கிய ஒரு பட்டையைப் பிடித்து விட்டாள். கண்ணாடிக்கு வெளியே, மேலிருந்து, பட்டை பட்டையான பலகை ஒன்று தடதடவென்று இறங்கி உட்கார்ந்தது. அறையில் அமாவாசை.

“இன்னொரு தடவை பண்ணு” என்றேன்.

பண்ணினாள். பிறகு பட்டையை நான் வாங்கிக்கொண்டேன். சற்று நேரம் கழித்து மாப்பிள்ளை கதவைத் தட்டி, “மாமா, இங்க ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் பண்ணக் கூடாது. நாளைக்குக் காலைல இழுத்துக்கலாம்” என்று பதமாகச் சொன்னார்.

ரோல்லாடன் என்று பெயர். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. குளிர்காலத்தில் இறக்கிவிட்டால் கண்ணாடிக்கும் ஷட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் காற்று, அறையின் சூட்டை வெளியே போகவிடாமல் காக்கும். கோடையில் வெயிலைத் தெருவிலேயே நிறுத்தும். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களை வழிப்போக்கர் பார்வையிலிருந்தும் மறைக்கும். இதைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் அங்கே மூன்று வருஷத் தொழிற்பயிற்சி இருக்கிறது. நம் ஊரில் இதே தகுதி மேஸ்திரிக்கு மச்சானாக இருந்தால் வந்துவிடும். மாலையானால் ஒவ்வொரு வீடாகத் தடதடவென்று இறங்குகிற சத்தத்தை வைத்தே தெருவில் யார் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். இந்தத் தகவலைச் சேகரிக்க நம் தெருவில் எதிர்வீட்டுக்காரர் தேவைப்படுகிறார்.

இதெல்லாம் அங்கே ஏன் எடுபடுகிறது என்பதையும் மாப்பிள்ளை விளக்கினார். அந்த ஊர் ஜன்னல்கள் எல்லாம் உள்பக்கமாகத் திறப்பவை. அதனால் வெளியே ஷட்டர் இறங்கியிருந்தாலும் ஜன்னலைத் திறக்கலாம், மூடலாம். அவர் சொன்னதில் ‘உள்பக்கமாக’ என்கிற ஒரு சொல்லை மட்டும் என் மனம் சௌகரியமாக அங்கேயே விட்டுவிட்டு, மீதி அத்தனையையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தது.

நம் ஊரில் ஷட்டர் என்றால் கடை. கடை என்றால் ஷட்டர். வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்த ஒரு பட்டறையில் போய் நின்றேன்.

“கடை எத்தனை அடி சார்?”

“கடை இல்லைப்பா, வீடு.”

“வீட்டுக்கு முன்னாடி கடையா?”

“கடையே கிடையாது. ஜன்னலுக்கு. பெட்ரூம் ஜன்னல்.”

முகத்துக்கு நேராகப் பிடித்திருந்த கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “உள்ள என்ன சார் வச்சிருக்கீங்க?”

“உள்ள நான்தான் இருக்கேன்.”

அந்தச் சரக்குக்கு இவ்வளவு காபந்து தேவையா என்கிற யோசனை அவர் முகத்தில் ஓடியது. இருந்தாலும் தொழில்காரர், விளக்கினார். தகடு 20 கேஜிலும் வரும், 18 கேஜிலும் வரும். நான் 20 கேஜ் கேட்டேன், பெரிய எண் பலமாக இருக்கும் என்று. எண் குறையக் குறையத்தான் தகடு தடிக்கும் என்றார். மேலே உருளை, அதற்குள் ஸ்பிரிங். இரண்டு ஓரத்திலும் கைடு. அடியில் பூட்டு வைக்கிற கனத்த பட்டி. கையால் தூக்கி இழுக்கிற வகை ஒன்று, கியர் வைத்துச் சுற்றுகிற வகை ஒன்று. முப்பது வருஷம் அரசாங்கக் கோப்பு பார்த்தவன் ஆகையால், ஐஎஸ் 6248 என்று இதற்கு இந்தியத் தர நிர்ணயமே இருப்பதைத் தேடிப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். கையால் இழுக்கிற ஷட்டர், பால்பேரிங் இல்லாமலே சுமார் 8 சதுர மீட்டர் வரை தாங்கும் என்று அதில் இருக்கிறது. இதை ஒரு தோரணையோடு எடுத்துவிட்டேன். “உங்க ஜன்னல் ரெண்டு சதுர மீட்டர்கூட வரல சார். ஸ்பிரிங்குக்கே கேவலம்” என்றார்.

அப்புறம் அவரே நல்ல மனசோடு ஒன்று செய்தார். பட்டறை வாசலில் வெயிலில் சாத்திவைத்திருந்த ஓர் இரும்பு ஷட்டரைக் காட்டி, “தொட்டுப் பாருங்க” என்றார். தொட்டேன். தோசைக்கல். மாவு ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. “இதை ஜன்னல்ல மாட்டினா வெயில் வராது சார். ஆனா வெயிலை விட இது ஜாஸ்தி சுடும்” என்றார். தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிற வியாபாரியை நான் முதல்முறையாக அங்கேதான் பார்த்தேன். ஜன்னலுக்கு ஷட்டர் செய்தவர் என்று பெயர் கெடுவதிலிருந்து தப்பிக்கவும் அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அதற்குள் அவர் பையன் ஒருவன் வந்து வீட்டில் டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தான். அது போதாதா? தெருவுக்கே தெரிந்துவிட்டது. “கடை போடறீங்களாமே, ரிட்டயர் ஆனதும் நல்ல முடிவு” என்றார் எதிர்வீட்டுக்காரர். பால் பூத் என்று ஒரு கட்சி, ஜெராக்ஸ் கடை என்று ஒரு கட்சி. வாடகைக்கு விடுவதாக இருந்தால் மாவு மில்லுக்கு ஆள் இருக்கிறது என்று தரகர் ஒருவர் போன் செய்தார். மாவு மில்லைப் படுக்கையறையில் எங்கே வைப்பது என்று நான் யோசிக்கக்கூட ஆரம்பித்தேன்; பேச்சு அவ்வளவு உருக்கமாக இருந்தது. மனைவிக்கு வேறு கவலை. வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கடை என்றால் கட்டணமே வேறு, இலவசமும் கிடையாது. “ரீடிங் எடுக்க வர்றவர் ஷட்டரைப் பார்த்துட்டு கடைன்னு எழுதிட்டுப் போனா, நீங்க உள்ள படுத்திருந்தீங்கன்னு நான் போய் சாட்சி சொல்லணுமா?” என்றாள். நியாயமான கேள்வி.

இரும்பு போனது. அலுமினியம் வந்தது. கழுத்தில் டை, கையில் டேப்லட், பையில் மாதிரித் துண்டுகள் சகிதம் ஒரு தம்பி வந்தார். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பஞ்சுபோன்ற நுரை அடைத்த பட்டிகள். விரல் அகலத்தில் இரண்டு மூன்று மடங்கு இருக்கும் ஒவ்வொன்றும். இறக்கும்போது முழுக்க இறக்காமல் கொஞ்சம் தளர்த்தி நிறுத்தினால் பட்டிகளுக்கு நடுவில் வரிசையாகச் சிறு துளைகள் தெரியும். வெளிச்சமும் காற்றும் புள்ளி புள்ளியாக வரும். முழுக்க இறக்கினால் துளைகள் மூடிக்கொள்ளும். எனக்கு வாயெல்லாம் பல். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விரித்து மூடி விரித்து மூடி விளையாடுவதைப் பார்த்த தம்பி, பேரம் பேசுகிற கட்டம் முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்.

“எதுக்காக வாங்குறீங்க சார்? ஹீட்டா, செக்யூரிட்டியா, மழையா, சத்தமா?”

“எல்லாத்துக்கும்தான்” என்றேன். காசு கொடுத்து வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்? பக்கத்து வீட்டு சீரியல் சத்தத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் திருடன். ஐரோப்பியத் தர அளவுகளில் திருட்டைத் தாங்கும் தரத்துக்கு வகைகள் உண்டாம். ஆர்சி 2 என்கிற தரம், ஸ்க்ரூடிரைவர், குறடு மாதிரிச் சின்னக் கருவிகளோடு வருகிற திருடனை மூன்று நிமிஷம் தாக்குப்பிடிக்கும். ஆர்சி 3, கடப்பாரையோடு வருகிறவனை ஐந்து நிமிஷம். தம்பி இதைப் பெருமையோடு சொன்னார். மனைவி அமைதியாக, “மூணு நிமிஷத்துல இவர் மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடி எடுக்க மாட்டாரே” என்றாள். நான் ஐந்து நிமிஷ வகையைப் பற்றி விசாரித்தேன். “அஞ்சு நிமிஷத்துல கண்ணாடி கிடைக்கும். அப்புறம் என்னை எழுப்பணும்” என்றாள்.

தவிர, ஷட்டர் திருடனைத் தடுப்பதைப் போலவே அவனுக்குச் சேதியும் சொல்லும். பகலிலும் ஷட்டர் இறங்கியிருக்கிற வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். அதனால்தான் ஊருக்குப் போகும்போது ஷட்டரைப் பகலெல்லாம் மூடிவைக்காதீர்கள் என்று ஜெர்மன் போலீஸே அறிவுரை சொல்கிறது. ஊருக்குப் போகும்போது மூடத்தான் ஷட்டர் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பேரிடி. நம் ஜன்னலில் உள்ளே ஏற்கெனவே இரும்புக் கிரில் இருக்கிறது. அதற்கு நிமிஷக் கணக்கு கிடையாது, கரண்டும் வேண்டாம், ஊருக்குப் போயிருக்கிறோம் என்று யாரிடமும் சொல்லவும் சொல்லாது. ஆகவே திருடனைப் பட்டியலிலிருந்து நீக்கினோம்.

அடுத்தது வாசல் கதவு. தம்பி விடவில்லை. “மெயின் டோருக்கும் ஒண்ணு போட்டுட்டா செட்டாயிடும் சார். டைமர் இருக்கு. சன்செட் ஆனா தானா இறங்கிடும்” என்று ரிமோட்டை அமுக்கிக் காட்டினார். இதுவரை ஊஞ்சலில் உட்கார்ந்து காதே கேட்காத பாவனையில் இருந்த, எண்பது வயதைத் தாண்டிய என் அம்மாவுக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“எத்தனை மணிக்கு இறங்கும்?”

“ஆறு, ஆறேகால் பாட்டி.”

“விளக்கு வைக்கிற நேரம். வாசலைத் திறந்து வச்சு மகாலட்சுமியைக் கூப்பிடுற நேரத்துல, தானா இறங்கி மூடிக்குமா?”

தம்பி டைமரை மாற்றலாம் என்றார். கோலம், மஞ்சள் குங்குமம் வைத்த நிலைப்படி, மாவிலை, தேக்குக் கதவு என்று அம்மா வரிசையாக ஆரம்பித்ததும் டேப்லட்டில் அந்த வரியை அவரே அழித்துவிட்டார். தெருவாசலில் பகலில் ஷட்டர் இறங்கியிருந்தால் நம் ஊரில் இரண்டே அர்த்தம்தான்: ஒன்று கடையடைப்பு, இல்லையென்றால் கடை முதலாளி வீட்டில் துக்கம். இரண்டில் எதையும் தினசரி அறிவிக்க எங்களுக்கு உத்தேசம் இல்லை.

மிச்சம் இருந்தது ஜன்னல். தம்பி அளக்கப் போனார். அப்போதுதான் ஸ்டுட்கார்ட்டில் நான் விட்டுவிட்டு வந்த ‘உள்பக்கமாக’ தனியாக விமானம் பிடித்து வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் கிரில் உள்ளே. மரக்கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். கிரில் வழியாகக் கையை விட்டு, கொக்கியை எடுத்து, கதவை வெளியே தள்ளுவோம். அந்த இடத்தில் ஷட்டர் இறங்கினால் ஜன்னல் கதவைத் திறக்கவே முடியாது. திறந்திருக்கும்போது ஷட்டரை இறக்க முடியாது. “பிரச்சினை இல்லை சார், கதவைக் கழட்டிட்டு யூபிவிசி ஸ்லைடிங் போட்டுடலாம்” என்றார் தம்பி. அவர் அகராதியில் ‘பிரச்சினை இல்லை’ என்பதற்கு ஒரு விலை உண்டு என்பது போகப்போகத் தெரிந்தது. ஸ்லைடிங் போட்டால் கொசுவலைக்குத் தனிச் சட்டம். ஷட்டர் சுருண்டு உட்கார ஆறேழு அங்குல உயரத்துக்குப் பெட்டி. அதைச் சன்ஷேடுக்குக் கீழே வைத்தால் ஜன்னலின் மேல்பகுதி போகும். சன்ஷேடுக்கு மேலே வைத்தால் ஷட்டர் சன்ஷேடைத் தாண்டி இறங்க வழியில்லை. சன்ஷேடையே உடைத்துவிடலாமா என்று கேட்டார் மேஸ்திரி. அவர் பூவேலை செய்த சன்ஷேடு அது. கட்டியதற்கு வாங்கியதைவிட உடைப்பதற்கு அதிகம் கேட்டார்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். எங்கள் கணக்கில் சுண்டைக்காய் ஒரே ஒரு வரி. சுமைகூலி ஒரு பக்கம் முழுக்க: கதவு கழற்ற, ஸ்லைடிங் போட, கொசுவலை, கைடு பொருத்தச் சுவரில் துளை, துளை போட்டதில் உதிர்ந்த பூச்சுக்குப் பூச்சு, பூச்சுக்குப் பெயிண்ட், ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் அசிங்கம் என்பதால் நாலு சுவருக்கும் பெயிண்ட், மோட்டாருக்கு வயரிங். நான் உத்தியோகப் பழக்கத்தில் வெவ்வேறு இடங்களில் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, குறைந்த விலைக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டேன். குறைந்த விலை கொடுத்தவர் பெயிண்ட்டைச் சேர்க்கவில்லை என்பதை மனைவி கண்டுபிடித்தாள். தணிக்கைத் துறை அவளை எப்படித் தவறவிட்டது என்று தெரியவில்லை.

தெற்கு ஜன்னலுக்கும் சேர்த்துத்தான் விலைப்புள்ளி வந்திருந்தது. இதில் மட்டும் நான் கொஞ்சம் மூளையைச் செலவழித்தேன். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே பதின்மூன்று டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. கத்தரி வெயில் காலம் முழுக்க அது நமக்கு வடக்கே இருக்கிறது. அதாவது அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயிலே விழாது. விழுவது மார்கழி, தை மாதங்களில். அப்போது விழுந்தால் நல்லதுதான். இதை டேப்லட் தம்பியிடம் சொன்னபோது, “சார் சயின்ஸ் டீச்சரா?” என்றார். முப்பது வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைக்காத மரியாதை. தெற்கு ஜன்னல் பட்டியலிலிருந்து கழிந்தது.

பிறகு மோட்டார். உருளைக்குள்ளேயே குழாய் வடிவ மோட்டார் உட்கார்ந்திருக்குமாம். வெளியே எதுவும் தெரியாது. தொடர்ந்து நாலைந்து நிமிஷம் ஓட்டினால் சூடேறித் தானாக நின்று, ஆறினபிறகுதான் மறுபடி ஓடும். பேரன் கையில் ரிமோட் கிடைத்தால் என்ன ஆகும் என்பது இதிலிருந்து தெளிவு. டிவி ரிமோட்டையே சோபா இடுக்கில் நிரந்தரமாகக் குடியேற்றிவிட்ட குடும்பம் எங்களுடையது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை மனைவி நினைவுபடுத்தினாள். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் பக்கம் மரமும் கம்பமும் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்திருந்தால்? புயல் ஓய்ந்த சேதியை யார் வந்து ஷட்டரைத் தட்டிச் சொல்வார்கள்? தம்பி இன்வெர்ட்டரில் இணைக்கலாம் என்றார். எங்கள் இன்வெர்ட்டர் ஒரு மின்விசிறியையே முனகலோடு சுற்றுகிற வயசாளி. கையால் சுற்றித் தூக்குகிற அவசரக் கைப்பிடி உண்டா என்று கேட்டதற்கு, “அது ஆப்ஷனல் சார்” என்றார். தப்பித்து வெளியே வருவது கூடுதல் கட்டணத்துக்கு உட்பட்டது.

இன்னொரு சங்கதி, யாரும் விலைப்புள்ளியில் போடாதது, காற்று. ஜெர்மன் வீடு சூட்டை உள்ளே பூட்டிவைக்கப் பிறந்தது. நம் வீடு காற்று வந்து போவதற்காகப் பிறந்தது. இங்கே வெயிலோடு புழுக்கமும் சேர்ந்தது கோடை. எல்லாப் பக்கமும் இறுக்கி மூடினால் வெயிலுக்குத் தப்பி வேர்வையில் மூழ்கலாம். மத்தியானத்தில் கிழக்கேயிருந்து கடற்காற்று எழும்பும்போது அந்தப் பக்கத்து ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த தெருக்களின் பழைய வீடுகளைப் பாருங்கள். வெளிப்பக்கமாகத் திறக்கும் மர ஜன்னல் கதவு, அதில் சாய்ந்த மரப்பட்டிகள். மூடினாலும் வெயில் நிற்கும், காற்று நுழையும். மோட்டார் இல்லை, டைமர் இல்லை. அந்தக் கதவைச் செய்யத் தச்சர் கேட்ட தேக்கு விலையைக் கேட்டபிறகு ஷட்டர் விலை எனக்கு மலிவாகத் தெரிந்தது.

முடிவில் ஒரே ஒரு ஷட்டர் வந்தது. மேற்கு ஜன்னலுக்கு. நுரை அடைத்த அலுமினியம், தந்த நிறம். கறுப்பு அழகாக இருக்கும் என்றேன், கறுப்பு வெயிலைக் குடிக்கும் என்று எல்லாரும் சேர்ந்து என்னை அடக்கினார்கள். மோட்டார் இல்லை. உள்ளேயிருந்து கைப்பிடியால் சுற்றுகிற வகை. சன்ஷேடு தப்பித்தது, பெட்டி அதன் அடியில் ஒடுங்கிக்கொண்டது. ஸ்லைடிங், கொசுவலை, நாலு சுவர் பெயிண்ட் எல்லாம் உண்டு. அறை நிஜமாகவே குளிர்ச்சியாகிவிட்டதா என்றால், குளிர்ச்சி என்று சொல்ல மாட்டேன். கட்டிலில் வெயில் விழுவதில்லை, மாலையில் தொட்டால் கண்ணாடி சுடுவதில்லை. சுவர் மட்டும் பழைய விசுவாசத்தோடு இரவில் வெயிலைக் கக்குகிறது. செங்கலுக்கு ஷட்டர் கிடையாதே.

இப்போது மூன்று மணி அடித்தால் நான் எங்கே இருந்தாலும் வீட்டில் இருக்க வேண்டும். ஷட்டரைச் சுற்றி இறக்க வேண்டும். சூரியன் இறங்கியதும் சுற்றி ஏற்றி, ஜன்னலைத் திறந்து விட வேண்டும். கல்யாணம், சீமந்தம் எதற்குப் போனாலும் பந்தி முடிந்த கையோடு கிளம்பிவிடுகிறேன். “எங்க கிளம்பிட்டீங்க?” என்று உறவுக்காரர்கள் கேட்டால் என் மனைவி, “ஷட்டர் போடப் போறார்” என்கிறாள். கடை நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேலே பெட்டியில் பல்லி ஒரு குடும்பமும், கைடு ஓரத்தில் குளவி ஒரு குடும்பமும் குடியேறிவிட்டன. வாடகை தராதவர்கள் என்றாலும் ஷட்டர் போட்ட இடத்துக்கு முதலில் வந்த ஆட்கள் அவர்கள்தான்.

இப்போது என்னிடம் யோசனை கேட்டுப் பலர் வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். எதை வெளியே நிறுத்தப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மழை என்றால் சன்ஷேடை நீட்டுங்கள். திருடன் என்றால் கிரில் போதும். பக்கத்து வீட்டு சீரியல் என்றால் எதுவும் போதாது. மாலை வெயில் என்றால் மட்டும் ஷட்டர் வாங்குங்கள். மேற்கு ஜன்னலுக்கு மட்டும், வெளிர் நிறத்தில், ஜன்னல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிட்டு. கடலோரக் குடியிருப்பு என்றால் உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது, அந்தப் பக்கமே போக வேண்டாம். தெருவாசலை அம்மாவுக்கும் மகாலட்சுமிக்கும் விட்டுவிடுங்கள். மோட்டார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள், கையால் சுற்றுகிற கைப்பிடியைக் கூடவே கேட்டு வாங்கி, அது எந்த ஆணியில் தொங்குகிறது என்பதைக் கரண்ட் இருக்கும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். போனபிறகு தேடினால் கிடைக்காது. ஷட்டர் நல்ல ஷட்டராக இருந்தால் உள்ளே கும்மிருட்டாக இருக்கும்.